பாரோ, லெண்ட்: ஆறு படிகளில் குழப்பம் தீர

பிரிக்பீல்ட்ஸ் அஞ்சலகத்தில் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் நிற்பவரிடம் "கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" என்று கேட்டால் பேனா கிடைத்துவிடும். கிள்ளானிலும் கிடைக்கும். எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளில் மட்டும் மதிப்பெண் போய்விடும்.

பேச்சு மலாயின் 'பிஞ்சாம்' இந்தப் பிழைக்கு ஒரு காரணம். எழுத்தில் 'மெமிஞ்சாம்' என்றால் வாங்குவது, 'மெமிஞ்சாம்கான்' என்றால் கொடுப்பது. பேச்சில் ஒட்டுகள் உதிர்ந்து, இரண்டுக்கும் ஒரே சொல்லாகிவிடுகிறது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. 'இரவல் வாங்கு', 'இரவல் கொடு' என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறோம். அதை வைத்தே சரிசெய்யலாம்.

1. எழுவாயைப் பாருங்கள். பொருள் அவர் கைக்கு வந்தால் பாரோ. அவர் கையிலிருந்து போனால் லெண்ட்.

2. துணைச்சொல்லைச் சேருங்கள். பாரோவுக்கு 'ஃப்ரம்': "ஐ பாரோ புக்ஸ் ஃப்ரம் த லைப்ரரி." லெண்டுக்கு 'டு': "த லைப்ரரி லெண்ட்ஸ் புக்ஸ் டு மெம்பர்ஸ்." லெண்டுக்குப் பின் ஆளை உடனே சொன்னால் 'டு' தேவையில்லை: "லெண்ட் மீ டென் ரிங்கிட்." பாரோவுக்கு இந்தச் சலுகை கிடையாது, 'பாரோ மீ' எப்போதும் பிழைதான்.

3. இரவல் கேட்கும் கேள்வியில் 'ஐ' வந்தால் பாரோ, 'யூ' வந்தால் லெண்ட். "கேன் ஐ பாரோ யுவர் பென்?" "குட் யூ லெண்ட் மீ யுவர் பென்?" இரண்டும் மரியாதையான கேள்விகளே.

4. இறந்தகாலத்தில் பாரோ 'பாரோட்' ஆகும். லெண்டின் (lend) கடைசி எழுத்தான 'd' போய் 't' வரும் (lent). 'லெண்டட்' என்று ஒரு சொல் இல்லை.

5. எடுத்துப்போய்த் திருப்பித் தருவதற்கே இந்த இரண்டு சொற்களும். நண்பர் வீட்டுக் கழிப்பறைக்கு 'யூஸ்' போதும். காசு கொடுத்து வாடகைக்கு எடுத்த காருக்கு 'ரென்ட்'.

6. கடன் பத்திரத்தில் கவனம் தேவை. வட்டிக்குக் கடன் கொடுப்போருக்கான 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலேயே 'பெம்பெரி பிஞ்சாம்' இருக்கிறது, அவர்தான் லெண்டர். 'பெமிஞ்சாம்' என்பவர் பாரோவர். பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் மாணவர் பாரோவர். கடன் பத்திரங்களில் கண்ணை ஏமாற்றும் மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு: 'பெஞ்சாமின்', அதாவது ஜாமீன் நிற்பவர். கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே எந்தச் சொல் இருக்கிறதென்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். 'பெமிஞ்சாம்' என்றால் கடன் உங்களுடையது. 'பெஞ்சாமின்' என்றால், வாங்கியவர் கட்டாதபோது அந்தக் கடன் உங்கள் தலையில் விழும்.