காம்பஸ் பக்கத்தில் ஸ்பீக்கர் வேண்டாம், தம்பி

காசிமேட்டிலிருந்து கிளம்பும் படகில் ஜிபிஎஸ் இருக்கட்டும். நடுக்கடலில் பேட்டரி இறங்கிவிட்டால் உனக்குத் துணை காம்பஸ்தான். ஐந்து டிகிரி தப்பினால் 20 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் விலகியிருப்பாய். எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் நடுவே சரக்குக் கப்பல்கள் வந்துபோகிற தண்ணீர் இது. அதனால் கேள்.

முள்ளைத் திருப்புவது பூமியின் காந்தப்புலம். சென்னைப் பக்கம் அது சுமார் 40 மைக்ரோ டெஸ்லாதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம்கூட, கிட்டே போனால், அதைவிட நூறு மடங்கு பலமானது. ப்ளூடூத் ஸ்பீக்கர், ஹெட்போன், செல்போன், அடியில் காந்தம் வைத்த டார்ச் எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. கத்தி, ஸ்பேனர் போன்ற இரும்புச் சாமான் காந்தமாக இல்லாவிட்டாலும் புலத்தைத் தன் பக்கம் வளைத்துவிடும்.

நல்ல சேதி ஒன்று உண்டு. தூரத்தை இரட்டிப்பாக்கினால் காந்தத்தின் பலம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். மூன்று மடங்கு தள்ளினால் 27-ல் ஒன்று. ஆகவே ஒரு சாண் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரை மூன்று சாண் தள்ளி வை, பாட்டை நிறுத்த வேண்டியதில்லை.

ஒயரை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுதான் எனக்குக் கவலை. மின்சாரம் ஓடும் ஒயரைச் சுற்றிலும் காந்தப்புலம் உண்டு. 1820-ல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் இதைக் கண்டதே, ஒயருக்குப் பக்கத்திலிருந்த காம்பஸ் முள் அசைந்ததால்தான். பேட்டரியிலிருந்து லைட்டுக்குப் போகிற ப்ளஸ், மைனஸ் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி விடு. எதிரெதிராக ஓடும் மின்சாரம் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும்.

கரையில் படகைக் கட்டியிருக்கும்போதே லைட், வயர்லெஸ், எக்கோ சவுண்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார். எதைப் போட்டால் முள் ஆடுகிறதோ அதை இடம் மாற்று. அலை அடங்கிய ஒரு நாளில் துறைமுகத்தைத் தாண்டிப் போய், நாலு திசையிலும் நேராக ஓட்டி, ஜிபிஎஸ் சொல்வதையும் காம்பஸ் சொல்வதையும் எழுதிக்கொள். வடக்கே போகையில் இருக்கும் பிழை கிழக்கே போகையில் இருக்காது. படகின் இரும்பு முள்ளைப் பொறுத்து இடம் மாறுகிறதல்லவா? அந்தத் தாளை வீல் ஹவுஸில் ஒட்டி வை.

வின்ச் மாற்றினாலும், பக்கத்தில் வெல்டிங் வைத்தாலும் பழைய கணக்கு செல்லாது. கடலுக்குப் போகுமுன் நாலு திசையையும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிடு.