ஐப்பசி மழையும் ஃபிரிட்ஜின் சப்தமும்: சாரம் வாசிகளுக்குச் சில யோசனைகள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை கரையேறும் இந்த நாட்களில், ஒழுகும் கூரையையும் அடைபட்ட வடிகாலையும் சரிபார்க்க முற்படும் புதுச்சேரி சாரம் பகுதி வாசிகள், சமையலறை மூலையில் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜையும் ஒருமுறை கவனித்துவிடுவது நலம். கோடையில் அதற்கு உஷ்ணம் ஒன்றே சத்துரு. மழைக்காலத்திலோ ஈரமும், மின்தடையும், ஏறியும் இறங்கியும் வரும் மின்னழுத்தமும், நனையாத இடம் தேடி வீட்டுக்குள் புகும் எலியும் ஒன்றுசேர்ந்து அதை வதைக்கின்றன. இவற்றில் எது தீண்டினாலும், குளிர்ச்சி குறைவதற்கு முன்பே பெரும்பாலும் அதன் சப்தம் மாறிவிடுகிறது.

ஆகையால் இந்த வாரம் செய்யவேண்டிய முதற்காரியம், இரவில் வீடு அடங்கிய பிறகு, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அதன் அருகில் இருந்து, அதன் இயல்பான குரலைக் காதில் வாங்கிக்கொள்வதே. கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொண்டால் இன்னும் விசேஷம். பின்னால் சந்தேகம் எழும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இயல்பான சப்தங்களிலேயே அறியாதவரைத் திடுக்கிட வைப்பவை சில உண்டு. கம்ப்ரசரின் ரீங்காரம், அது நின்றவுடன் குழாய்களுக்குள் கேட்கும் ‘களக் களக்’, திரவமாக இறுகியிருந்த வாயு மயிரிழை போன்ற குழாயைக் கடந்து விரியும்போது வரும் ‘உஸ்’, பிளாஸ்டிக் உட்சுவர்கள் குளிரில் சுருங்கியும் பிறகு விரிந்தும் நள்ளிரவில் எழுப்பும் ‘படக்’ ஆகிய யாவும் அந்த யந்திரத்தின் சுபாவமேயன்றி ரோகமல்ல. பனிக்கட்டி படியாத வகை ஃபிரிட்ஜ்களில், தானே பனியைக் கரைத்துக்கொள்ளும் சமயத்தில், கரைந்த துளிகள் சூடான கம்பியின்மேல் விழுந்து, தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல் ‘சொய்ங்’ என்று சீறும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தன் வேகத்தை மாற்றிக்கொண்டே ஓடுவதால் அதன் சுருதி ஏறி இறங்கும். ‘முன்பிருந்த பெட்டி நின்று நின்று ஓடியதே, இது நிற்பதே இல்லையே’ என்று கவலைப்படுவோர் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

கடகடவென்ற அதிர்வைப் பொறுத்தவரை, பத்தில் ஒன்பது சந்தர்ப்பங்களில் குற்றம் பெட்டியினுடையதன்று. சமனில்லாத தரையும், சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டும், தலைமேல் ஏற்றிவைத்த ஸ்டெபிலைசரும், உள்ளே ஒன்றையொன்று உரசும் கண்ணாடி ஜாடிகளும், சுவரில் முட்டும் பின்பக்கக் குழாயுமே அந்த ஆரவாரத்துக்குக் காரணம். சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் விலக்கி, முன்பக்கக் கால்திருகுகளைத் திருகிச் சமன்செய்தால் அநேகமாக ஓய்ந்துவிடும். ஆயுதபூஜையன்று நாம் ஃபிரிட்ஜின் முகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். அதன் முதுகைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. கடல் அதிக தூரமில்லாத நம் ஊரின் உப்புக்காற்று அந்த முதுகின் குழாய்களையும் திருகாணிகளையும் அரித்துத் தளர்த்துகிறது. ஆதலால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த தூரிகையால் தூசியை நீக்கி, துரு எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலிப்புழுக்கையோ கடித்த வயரோ கண்ணில் பட்டால், அது சரிசெய்யப்படும் வரையில் பிளக்கை மாட்டவேண்டாம்.

மேல்தட்டின் உள்ளிருந்து சீராக ‘டடடட’ என்று கேட்டு, கதவைத் திறந்தவுடன் நின்றுபோகுமானால், உள்விசிறியின் இறக்கையில் பனிக்கட்டி தட்டுகிறது என்று அறியலாம். கதவின் ரப்பர் தளர்ந்து, அடைமழைக் காலத்து ஈரக்காற்று உள்ளே புகுந்து பனியாக உறைவதே இதற்குச் சாதாரணக் காரணம். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பொருந்தவில்லை. வெதுவெதுப்பான சோப்பு நீரால் துடைத்தும் பொருந்தாவிடில் மாற்றிவிடுவதே உத்தமம். உறைந்துவிட்ட பனிக்கோ, பெட்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து ஒரு பகல்பொழுது காத்திருப்பதே பரிகாரம். கத்தி முனையால் பெயர்த்துக் குழாயைத் துளைத்துக்கொண்டு, கேஸ் முழுவதையும் இழந்தவர் பலர்.

‘சொட்டு சொட்டு’ என்ற ஒலியுடன் காய்கறித் தட்டின் அடியில் நீர் தேங்கினால், உள்ளே பின்சுவரின் அடியிலுள்ள வடிதுளை அடைபட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்யும்போதே, அந்த நீர் போய்ச்சேரும் பின்பக்கத் தட்டையும் எட்டிப்பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டு பிடித்தமான பிரசவ அறை. முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே போதுமாகையால், வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவவேண்டும். 1975 முதல் கொசு ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிலையம் இயங்கும் புதுச்சேரியில் வசித்துக்கொண்டு, நம் வீட்டிலேயே கொசுவை வளர்ப்பது அழகல்ல.

இனி, இந்தப் பருவத்துக்கே உரியதும், மிகுதியும் கவனிக்கத்தக்கதுமான ‘டிக் டிக்’ சப்தத்துக்கு வருவோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊரருகே கரையேறி, ஒரே நாளில் 40 செண்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியபோதும் மின்சாரம் போன கதை எல்லோருக்கும் தெரியும். போன மின்சாரத்தைவிட, திரும்பிவரும் மின்சாரமே ஃபிரிட்ஜுக்கு அதிக அபாயம். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென்று நின்றால், குழாயின் ஒருபுறம் உயர்ந்த அழுத்தமும் மறுபுறம் தாழ்ந்த அழுத்தமுமாக வாயு தேங்கி நிற்கிறது. அவை சமமாவதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால், மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழலமாட்டாமல் முனகி, அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்துச் சூடேற, அதைக் காப்பதற்கென்று பொருத்திய ஓவர்லோடு ‘டிக்’ என்று இணைப்பை அறுக்கிறது, ஆறியதும் இணைக்கிறது, மறுபடி அறுக்கிறது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மிகத் தாழ்ந்து வந்தாலும் இதே கூத்துதான். நெடுநேரம் இப்படி விட்டுவைத்தால் மோட்டாரின் சுருள் கருகிவிடும்.

எனவே மின்சாரம் போனவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வந்த பிறகு, விளக்குகள் மினுக்காமல் நிலையாக எரிவதைக் கண்டு, பத்து நிமிஷம் பொறுத்து மாட்டுங்கள். காலதாமதம் செய்து இணைக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் இருந்தால் இந்த வேலையை அதுவே செய்யும். ‘ஸ்டெபிலைசர் வேண்டாத ஃபிரிட்ஜ்’ என்று கடையில் சொல்லியிருந்தாலும், புயற்காலத்தில் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. மின்னழுத்தம் சரியாயிருந்தும் ‘டிக் டிக்’ ஓயவில்லையானால், ‘கம்ப்ரசர் போய்விட்டது’ என்ற தீர்ப்பை உடனே ஏற்றுக்கொள்ளாமல், மோட்டாரைத் தொடக்கிவிடும் ரிலேயையும் ஓவர்லோடையும் முதலில் சோதிக்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். கம்ப்ரசரின் விலையோடு பார்த்தால் இவை அற்பமானவை. ஈரத்தில் துருவேறியோ, உள்ளே புகுந்து மடிந்த பல்லியினாலோ இவை கெடுவதும் உண்டு.

புயல் அறிவிப்பு வந்தவுடன் குளிர்ச்சியை உச்சத்தில் வைத்து, மேல்தட்டில் நீர்ப் பாட்டில்களை உறையவையுங்கள். மின்சாரம் நின்ற பிறகு, கதவைத் திறக்காதிருந்தால் கீழ்த்தட்டில் உள்ள பதார்த்தங்கள் சுமார் நாலு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஆகிவிட்டால், பாலையும் மீனையும் சோதித்துப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் இருப்போர் பெட்டியை இப்போதே உயரத்தில் ஏற்றிவையுங்கள். வெள்ளநீர் தொட்ட ஃபிரிட்ஜை, வெளியே காய்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும், மெக்கானிக் பார்த்துச் சொல்லும் வரையில் இயக்கலாகாது.

கேஸ் கசிவு என்பது தனி விஷயம். 1890களில் முதன்முதலாக வீட்டு ஃபிரிட்ஜுக்குக் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் மார்செல் ஓதிஃப்ரென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அவர் முறையில் செய்த பெட்டிகளில் கந்தக டையாக்ஸைடு இருந்தது. சிறிது கசிந்தாலும் மூக்கைத் துளைத்து எச்சரித்துவிடும். நம் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இருப்பதோ ஐஸோபியூட்டேன். பின்பக்கச் சீட்டில் ஆர்-600ஏ என்று அச்சிட்டிருக்கும். ஓசோனுக்குக் கெடுதல் செய்யாத இந்த வாயு தீப்பற்றக்கூடியது. வாசனை அநேகமாக இல்லை. காற்றைவிடக் கனமாகையால் தரையோடு தேங்கும். பெட்டி நின்றிருக்கும்போதும் ஓயாத சீறலும், குறைந்துகொண்டே போகும் குளிர்ச்சியும் சேர்ந்து வந்தால், விளக்கு சுவிட்சையும் ஃபிரிட்ஜ் பிளக்கையும் தொடாமல், அடுப்பு எரிந்தால் அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, அறையைவிட்டு வெளியேறி, மெயின் சுவிட்ச் வெளியே இருந்தால் அதை நிறுத்துங்கள்.

2022 நவம்பரில் செங்கற்பட்டு மாவட்டத்து ஊரப்பாக்கத்தில், மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த குடும்பத்தில் மூவர், இரவில் ஃபிரிட்ஜிலிருந்து மூண்ட தீயின் புகையில் மூச்சுத்திணறி மாண்டனர். பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருந்து, மார்கழி, தை மாதங்களில் மட்டும் வந்து வீட்டைத் திறக்கும் உறவினர் இல்லாத தெரு நம் ஊரில் அரிது. அவர்கள் வருவதற்கு முன்பே, சாவி வைத்திருப்பவர்கள் பகல் வேளையில் ஜன்னல்களைத் திறந்து காற்றோட விட்டு, ஃபிரிட்ஜின் வயரையும் பிளக்கையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பரிசோதித்து, ஒரு பகல் முழுவதும் கண்பார்வையில் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். வந்த முதல் இரவே சுவிட்சைப் போட்டுவிட்டுப் படுக்கப்போகும்படி ஒருவரையும் விடாதீர்கள்.

மழை வலுத்துவிட்டால் மெக்கானிக்குகள் கிடைப்பது துர்லபம். சந்தேகமுள்ள சப்தம் இருந்தால் இந்த வாரமே அழையுங்கள். சப்தம் எப்போது வருகிறது, கதவைத் திறந்தால் நிற்கிறதா, ஸ்டெபிலைசர் எவ்வளவு காட்டுகிறது என்ற மூன்றையும் சொல்லி, பதிந்துவைத்த ஒலியையும் போட்டுக் காட்டுங்கள். ஆர்-600ஏ பெட்டியின் குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைக்க வேண்டியிருந்தால், மூடிய சமையலறைக்குள் அதை அனுமதிக்காமல், பெட்டியைப் பட்டறைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.