வெங்காயப் பட்டறையில் கம்ப்யூட்டர்: பதிவுகள் மறைவது ஏன்?

சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மழைக்கால இரவுகளில் தூக்கம் வருவதில்லை. பட்டறைக்குள் ஈரப்பதம் எந்த நேரத்தில் ஏறுகிறது என்று தெரிந்தால், மூடாக்கை எப்போது விலக்கிக் காற்றுப் படச் செய்வது, அழுகல் காய்களை எப்போது பொறுக்கி எடுப்பது என்று முடிவு செய்யலாம். இதற்காக ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுள்ள கம்ப்யூட்டரை உபயோகிக்கும் விவசாயிகள் இன்று சிலர் இருக்கிறார்கள். எல்லா உறுப்புகளும் ஒரே பலகையில் அமைந்த இந்தக் கம்ப்யூட்டர் 2012-ல் இங்கிலாந்திலிருந்து விற்பனைக்கு வந்தது. அதனுடன் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் உணர்கருவியை இணைத்து, பதிவுகளை ஹார்டு டிஸ்கில் சேர்த்து வைக்கிறார்கள்.

பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் சென்ற பருவத்தில் எனக்குப் போன் செய்தார். "ஐயா, ஐப்பசி மழையில் 18 நாள் கணக்கை அடியோடு காணோம். டிஸ்கை ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று ரிப்பேர் கடையில் சொல்கிறார்கள். செய்துவிடலாமா?" என்று கேட்டார். பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஒரு நாளைக்கு 144 பதிவு. 18 நாளில் 2,592 பதிவு. அவருக்கு அழுகல் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். நான் வரும் வரை எதையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காரணம், ஒரு சோதனைத் திடலில் இதே போன்ற அவசரத்தில் ஃபார்மட் செய்து, 40 நாள் மண் ஈரக் கணக்கை இழந்தவன் நான்.

ஹப் மின்சாரம் தருமா?

நேரில் போய்ப் பார்த்தேன். பலகையின் ஒரே போர்ட்டில் ஒரு யு.எஸ்.பி. ஹப். அந்த ஹப்பில் ஹார்டு டிஸ்க், காமிரா, இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டு என்று மூன்றும் தொங்கின. ஹப்புக்குத் தனி அடாப்டர் இல்லை. பலகைக்கு மின்சாரம் வந்தது பழைய செல்போன் சார்ஜரிலிருந்து.

ஒரு வாய்க்காலில் நான்கு மடை வெட்டினால் தண்ணீர் நான்கு மடங்கு ஆகிவிடாது. ஹப்பும் அப்படித்தான். தனி அடாப்டர் இல்லாத ஹப், பலகை கொடுக்கும் மின்சாரத்தைப் பிரித்து விடுகிறதே தவிர, தானாக எதையும் கூட்டுவதில்லை. ராஸ்பெர்ரி பை 4 என்ற மாடலில் நான்கு யு.எஸ்.பி. போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று, ஓடத் தொடங்கும் சில வினாடிகளில் மட்டும் 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். மோட்டார் கிளம்பும்போது வீட்டு விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கேயும். மின்சாரம் போதாத டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டு நின்றுவிடும், அல்லது வேலையின் நடுவே அறுபட்டுப் போகும்.

அடாப்டர் நன்றாக இருந்தும் வயர் கெடுப்பது உண்டு. மெல்லிய, நீளமான வயருக்குப் போகவரச் சேர்த்து கால் ஓம் தடை இருப்பதாகக் கொள்ளுங்கள். 2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வயரிலேயே நஷ்டம். 5.1 வோல்ட்டில் புறப்பட்டது 4.6-ஆகக் கடைமடைக்கு வந்து சேரும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகை எச்சரிக்கை கொடுக்கும். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். கம்ப்யூட்டரின் உள்குறிப்பில் 'அண்டர்வோல்ட்டேஜ்' என்ற சொல்லும் பதிவாகும். திரை மாட்டாமல் பட்டறையில் ஓடும் கம்ப்யூட்டரில் மின்னல் குறியை யார் பார்ப்பது? எனவே மாதம் ஒரு முறை உள்குறிப்பைப் படிக்க வேண்டும்.

பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தேவை. டிஸ்க் மாட்டுவதானால் தனி அடாப்டர் உள்ள ஹப்பை வாங்கவும். மலிவான ஹப்கள் சில, தம் மின்சாரத்தை இணைப்பு வயர் வழியே பலகைக்கே திருப்பி அனுப்பும். பலகையின் அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் அதன் சிவப்பு விளக்கு எரிந்தால், அந்த ஹப்பை மாற்றிவிடுங்கள்.

கோளாறு எங்கே என்று கண்டறிவது எப்படி?

இரண்டு கட்டளைகள் போதும். எல், எஸ், யு, எஸ், பி என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் சின்ன எழுத்தில் அடித்தால், யு.எஸ்.பி.யில் மாட்டியுள்ளவை எல்லாம் பட்டியலாக வரும். எல், எஸ், பி, எல், கே என்று அடித்தால் டிஸ்குகள் மட்டும் வரும்.

இரண்டிலும் டிஸ்க் இல்லையானால் மின்சாரம், வயர், ஹப் இவற்றில் ஒன்றில் கோளாறு. மற்றவற்றைக் கழற்றிவிட்டு டிஸ்கை மட்டும் பலகையில் நேரே மாட்டிப் பாருங்கள். பிறகு வயரை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். உரமும் மருந்தும் ஒன்றாகப் போட்டுவிட்டு, எது வேலை செய்தது என்று தேடுவது போல் ஆகிவிடக் கூடாது.

முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லையானால், டிஸ்கின் பெட்டியில் உள்ள மாற்றுச் சில்லுக்கும் பலகைக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். யு.ஏ.எஸ். என்ற வேகமான முறையில் சில சில்லுகள் தடுமாறும். அந்த முறையை நிறுத்திவைக்க வழி உண்டு. வேகம் சற்றுக் குறையும். விவரம் தெரிந்தவரைக் கொண்டு செய்துகொள்ளவும்.

இரண்டிலும் டிஸ்க் இருந்து, பதிவுகளை மட்டும் காணோம் என்றால் பதற வேண்டாம். பெரம்பலூரில் இருந்த நிலை இதுதான்.

18 நாளும் எங்கே போயின?

ஒரு இரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது. பலகை எழுந்துவிட்டது, மின்சாரம் போதாத டிஸ்க் எழவில்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் தொடர்ந்து இயங்கும்படி அமைத்திருந்தார்கள். பதிவு செய்யும் புரோகிராம், டிஸ்க் இருக்க வேண்டிய அதே பெயருள்ள காலி ஃபோல்டரில் எழுதிக்கொண்டே போயிற்று. அந்த ஃபோல்டர் இருப்பதோ பலகையில் உள்ள மெமரி கார்டில். 18 நாள் கழித்து விவசாயியின் மகன் கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டபோது டிஸ்க் எழுந்து அந்த ஃபோல்டரின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. குதிரின் வாயில் தட்டை வைத்து மூடினால் உள்ளே உள்ள தானியம் கண்ணுக்குத் தெரியுமா? பதிவுகள் அழியவில்லை, அடியில் மறைந்திருந்தன.

பதிவை நிறுத்திவிட்டு, டிஸ்கை முறைப்படி விலக்கினோம். இதைக் கம்ப்யூட்டர்காரர்கள் 'அன்மவுண்ட்' என்பார்கள். ஃபோல்டரைத் திறந்ததும் 18 நாள் கணக்கும் இருந்தது. அதை வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்தபின் டிஸ்கை மறுபடி இணைத்தோம். நகலைச் சரிபார்த்த பிறகே மூலத்தை அழித்தோம். டிஸ்கில் இடம் தாராளமாக இருக்கும்போது மெமரி கார்டு மட்டும் நிரம்பி வந்தால், உங்கள் கம்ப்யூட்டரிலும் இது நடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இது மீண்டும் நேராமல் இருக்க இரண்டு ஏற்பாடு செய்தோம். டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே புரோகிராம் எழுதத் தொடங்கும். இல்லையானால் செல்போனுக்குச் செய்தி அனுப்பும். அடுத்து, டிஸ்கை எஸ்.டி.ஏ. என்ற பெயரால் அழைக்காமல், யு.யு.ஐ.டி. என்னும் அடையாள எண்ணால் அழைக்கும்படி மாற்றினோம். மாட்டும் வரிசை மாறினால் எஸ்.டி.ஏ. என்பது எஸ்.டி.பி. ஆகிவிடக்கூடும். அடையாள எண் ஃபார்மட் செய்தாலன்றி மாறாது.

சில கவனிப்புகள்

பை 4-ல் நீல நிற போர்ட் இரண்டு, கறுப்பு இரண்டு. நீலம் வேகமானது. ஆனால் நீல போர்ட்டில் டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறுவது உண்டு. டிஸ்கைச் சற்றுத் தள்ளி வைத்து, நல்ல உறை உள்ள வயரைப் போடவும். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு எழுதக் கறுப்பு போர்ட்டே தாராளம்.

டிஸ்கைப் பழுது பார்க்கும் புரோகிராமை, டிஸ்கை அன்மவுண்ட் செய்த பிறகே ஓட்ட வேண்டும். அடாப்டரைப் பிடுங்கு முன் கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்த வேண்டும். மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில் ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்குவது, கெட்ட டிஸ்கிலிருந்து பதிவுகளை மீட்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் லாபமே. வாரம் ஒரு முறை பதிவுகளைப் பென் டிரைவில் நகல் எடுத்து, பட்டறையில் வைக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ளவும்.