‘எர்த் அடிக்குது’ன்னு சொல்றோமே, அது சரியா?

 

இந்த முறை சுவர் இதழில் அறிவியல் பகுதி எழுத என் முறை வந்திருக்கிறது. முதலில் ராக்கெட் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதினால் உங்களுக்கு அதைவிட உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. ஏனென்றால் நம்மில் நிறையப் பேர் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

நடந்தது என்ன?

நாங்கள் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அம்மா பாகலூரில் ரோஜாப் பசுமைக்குடிலுக்குப் பூ வெட்டப் போகிறார். எங்களுடையது லைன் வீடு. வரிசையாக 6 வீடுகள், பின்னால் எல்லோருக்கும் ஒரே துவைக்கிற இடம். மழை பிடித்துக்கொண்டால் நம் ஊர்க் குளிரில் துணி காயாது என்று உங்களுக்கே தெரியும். ஈர யூனிபார்மோடு எத்தனை நாள் வந்திருக்கிறோம்! அதனால் அப்பா ஒரு பழைய வாஷிங் மெஷின் வாங்கி வந்தார். ஒரு பக்கம் துவைக்கும், இன்னொரு பக்கம் ட்ரையர் சுற்றிப் பிழியும். வெளிப்பக்கம் முழுக்கத் தகரம்.

ஒரு நாள் ட்ரையரிலிருந்து துணி எடுத்த அம்மா கையை உதறினார். “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்ல பாப்பா, லேசா எர்த் அடிக்குது” என்றார். பக்கத்து வீட்டு அக்கா, “எங்க வீட்லயும் ஹீட்டர் போட்ட பக்கெட்டத் தொட்டா அப்படித்தான். செருப்பு போட்டுக்கோங்க அக்கா” என்றார். அன்றிலிருந்து அம்மா ஒரு மரப்பலகை மேல் நின்று துணி எடுத்தார். எங்களுக்கும் அது பழகிப் போய்விட்டது.

பிறகு ஒரு மழை நாள் சாயங்காலம். பலகை ஊறிப் போயிருந்தது. அம்மாவுக்குக் காலில் செருப்பு இல்லை. திடீரென்று அம்மா சத்தம் கூடப் போடாமல் மெஷினைப் பிடித்தபடியே நின்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். “கைய எடுக்கணும்னு நெனைக்கிறேன், எடுக்க முடியல பாப்பா” என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: “எர்த் அடிக்குதுன்னு சொல்றீங்களே, எர்த் இருந்தா அடிச்சே இருக்காது!”

மூன்றாவது ஓட்டை எதற்கு?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ப்ளக் மாட்டும் இடத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கும். கீழே உள்ள இரண்டில் ஒன்று ஃபேஸ், ஒன்று நியூட்ரல். ஃபேஸ் வழியாக வந்து, மெஷினில் வேலை செய்து, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. மேலே உள்ள பெரிய ஓட்டைதான் எர்த். சாதாரண நேரத்தில் அதில் மின்சாரம் ஓடாது. அது சும்மா இருக்கும் காவலாளி மாதிரி.

மெஷின் பழசாகி மோட்டார் சுருளின் மேல்பூச்சு போனாலோ, ஈரம் புகுந்தாலோ ஃபேஸ் போய்த் தகர உடம்பைத் தொட்டுவிடும். எர்த் ஒயர் இருந்தால் அந்த மின்சாரம் ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகரத்திலேயே காத்திருக்கும். நாம் தொட்டால் நம் கை, நெஞ்சு, கால் வழியாக மண்ணுக்கு இறங்கும். அதாவது, நாமே எர்த் ஒயர் ஆகிவிடுகிறோம்!

ப்ளக்கைப் பாருங்கள். எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். நீளமாக இருப்பதால் மாட்டும்போது முதலில் தொடும், கழற்றும்போது கடைசியில் விடும். தடிமனாக இருப்பதால் வேறு ஓட்டையில் நுழையாது. இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். நாமோ அதை உடைத்துவிட்டு இரண்டு பின் பாக்ஸில் சொருகுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு

பாடத்தில் படித்த ஓம் விதிதான். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம்.

உலர்ந்த உடம்பின் தடை 1,00,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 1,00,000-ஆல் வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர். லேசாகச் சுர்ரென்று இருக்கும். இதைத்தான் ‘எர்த் அடிக்குது’ என்கிறோம்.

கையும் காலும் நன்றாக நனைந்தால் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 230 மில்லி ஆம்பியர். 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போய்விடலாம்.

பாருங்கள், அதே மெஷின், அதே கோளாறு! வெயில் நாளில் சுர், மழை நாளில் மரணம். பலகை காய்ந்திருந்தவரை அம்மா தப்பித்தார். அவ்வளவுதான்.

அம்மாவால் ஏன் கையை எடுக்க முடியவில்லை? அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல் இதை ஆராய்ந்தார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாது என்று கண்டார். அந்த அளவு சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர்தான். வீட்டில் வாஷிங் மெஷின், கிரைண்டர், ஹீட்டர் எல்லாவற்றையும் ஈரக் கையோடு அதிகம் தொடுவது யார் என்று யோசியுங்கள்.

ஓட்டை இருந்தது, ஒயர் இல்லை

அப்பா ஒரு வயர்மேன் அண்ணனைக் கூட்டி வந்தார். அவர் மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினார். நானும் எட்டி நின்று பார்த்தேன். மூன்று ஓட்டைகளில் இரண்டுக்குத்தான் ஒயர் வந்திருந்தது. எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் சிமெண்ட் தூசி! வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பிறகு அவர் மற்ற வீடுகளையும் பார்த்தார். 6 வீட்டில் 4 வீட்டில் இதே கதை. மற்ற 2 வீட்டில் ஒயர் இருந்தது, ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் குழாய். அந்தக் குழாயும் பாதியில் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. அப்படியிருந்தால் ஒரு வீட்டுக் கசிவு, குழாயைத் தொடும் இன்னொரு வீட்டுக்காரரை அடிக்கும்.

எங்கள் தெருக்காரர் ஒருவர், “எதுக்கு இவ்ளோ? நியூட்ரல்லருந்து எர்த் ஓட்டைக்கு ஒரு துண்டு ஒயர் லூப் போட்டா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை” என்றார். வயர்மேன் அண்ணன் அதைச் செய்யவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏன் தெரியுமா? நியூட்ரல் எங்காவது அறுந்தால் திரும்பிப் போக வழி இருக்காது. அப்போது மெஷின் நல்ல நிலையில் இருந்தாலும் ஃபேஸ் மின்சாரம் அந்தத் துண்டு ஒயர் வழியாகத் தகரத்துக்கு வந்து நிற்கும். பாதுகாப்புக்குப் போட்ட ஒயரே ஆளைக் கொல்லும்.

இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் ஒரு ஆச்சரியமான செய்தி சொன்னார். அமெரிக்காவிலேயே இப்படி ஒரு வழக்கம் இருந்ததாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க, மின் அடுப்பின் உடம்பை நியூட்ரலோடு இணைக்க அனுமதித்தார்கள். பிறகு துணி காயவைக்கும் ட்ரையருக்கும் அதே அனுமதி. 1996-ஆம் ஆண்டு விதியில்தான், புதிதாகப் போடும் ட்ரையர் இணைப்புக்குத் தனி எர்த் ஒயர் கட்டாயம் என்று மாற்றினார்கள். ஆகவே நம் தெருவில் மட்டும் இந்தத் தப்பு இல்லை.

சரியான வழி எது?

இரண்டு வேலைகள், இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

1. எர்த் குழி: நம் நாட்டில் இதற்கு ஐ.எஸ். 3043 என்ற தர விதி இருக்கிறது. மண்ணில் சுமார் 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது பழைய முறை. மண் ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் சுலபமாக இறங்கும். அதனால் கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழியிலிருந்து பச்சை ஒயர், ஒவ்வொரு வீட்டு ஒவ்வொரு போர்டுக்கும் வர வேண்டும்.

2. ஆர்.சி.சி.பி.: குழி மட்டும் போதாதா என்று கேட்டேன். கணக்குப் போடச் சொன்னார் அண்ணன். குழியின் தடை 10 ஓம் என்றால் 230-ஐ 10-ஆல் வகுக்க 23 ஆம்பியர். மெயினில் 32 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் 23-க்கு விழவே விழாது. கசிவு தொடரும். அதனால்தான் ஆர்.சி.சி.பி. வேண்டும். அம்மாவின் பசுமைக்குடிலில் கட்டுக்கு 20 பூ. வெட்டிய பூவும் கட்டிய பூவும் கணக்கு ஒத்து வராவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தேடுவார்கள். ஆர்.சி.சி.பி.யும் அப்படித்தான். ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் ஒன்றா என்று எண்ணிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், 0.3 விநாடிக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகைதான் வாங்க வேண்டும். இந்த மாதிரிக் கருவியை 1961-இல் உருவாக்கியவரும் அதே டால்ஸீல்தான்!

ஒன்று கவனம். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் ஒருவர் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. அதனால் அது இருக்கிறது என்று விளையாடக் கூடாது.

ஓனர் தாத்தாவிடம் கேட்டோம்

இதுதான் கஷ்டமான பகுதி. வாடகை வீட்டில் நாமே சுவரை உடைக்க முடியாது. அப்பா, “நாம கேட்டா காலி பண்ணச் சொல்லிடுவாரோ” என்று தயங்கினார். அம்மாதான் 6 வீட்டு அக்காக்களையும் சேர்த்துக்கொண்டு போனார். நானும் நோட்டுப் புத்தகத்தோடு போனேன்.

“ஏமி பாப்பா, நோட்டெல்லாம் எடுத்துட்டு வந்திருக்க?” என்று கேட்டார் தாத்தா. நான் 2.3 கணக்கையும் 230 கணக்கையும் படித்துக் காட்டினேன். அவர், “வீடு கட்டினதுல இருந்து இப்படித்தான் இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்றார். அம்மா சொன்னார்: “அன்னைக்கு என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வரலன்னா ஆகியிருக்கும் ஐயா.” தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குழியும் பச்சை ஒயரும் தான் போடுவதாக ஒத்துக்கொண்டார். ஆர்.சி.சி.பி.யை அவரவர் வீட்டுக்கு அவரவர் வாங்கினோம். வேலை இரண்டு நாளில் முடிந்தது. மெஷினின் மோட்டாரையும் பிரித்துச் சரி செய்தோம்.

நாம் செய்ய வேண்டியவை

* சுர்ரென்று ஒரு முறை அடித்தாலே அந்தப் பொருளை நிறுத்துங்கள். செருப்பு, பலகை வைத்து ஓட்டாதீர்கள்.
* எர்த் பின் உடைந்த ப்ளக்கை மாற்றச் சொல்லுங்கள்.
* 1,500 வாட் ஹீட்டர் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன 6 ஆம்பியர் ப்ளக்கில் மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் ப்ளக் வேண்டும்.
* சுவிட்சு ஃபேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது சரியாக இருந்ததால்தான் அன்று அம்மா பிழைத்தார்.
* போர்டை நாம் கழற்றக் கூடாது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன் செய்யட்டும்.
* ஒருவரை ஷாக் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள்.
* தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், 2021-இல் தொடங்கிய மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

முடிவாக

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ எழுத்து போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும். உடனே ‘டக்’கென்று விழுந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது என் வேலை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அமுக்குவேன். டி.வி. அணைந்துவிடும், தம்பி கத்துவான். கத்தட்டும். அம்மா இப்போது பலகை இல்லாமல் நின்று துணி எடுக்கிறார்.

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “எதையாவது தொட்டா சுர்ருன்னு இருக்காம்மா?” ‘லேசாத்தான்’ என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி