எம்.எல்.ஏ. பேச வருகிறார்: முதன்முதலாகக் கூட்டம் போடும் தம்பி தங்கைகளுக்கு

கடைத்தெருவில் பொதுக்கூட்டம் போட ஒன்றியத்தில் சம்மதம் வாங்கிவிட்டீர்கள். சட்டமன்ற உறுப்பினர் சிறப்புரை ஆற்ற வருவதும் உறுதியாகிவிட்டது. எங்கே தொடங்குவது என்று கேட்டு வந்தீர்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும் என்று எழுதித் தருகிறேன். பக்கத்து ஊரில் வேறு கொடி பிடிக்கும் பிள்ளைகள் கேட்டாலும் கொடுங்கள். கொடி வேறானாலும் தெருவும் மைக்கும் கேட்கிற சனமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

1. எதற்குக் கூட்டம் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். தலைவர் பிறந்தநாள், ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாள், மே தினம், நிதிநிலை அறிக்கை விளக்கம், கண்டனக் கூட்டம் என்று கட்சி நாட்காட்டியில் காரணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் நாற்காலியில் வந்து உட்காருகிறவருக்கு அந்தக் காரணம் மட்டும் போதாது. நல்ல பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் கட்சியின் பேச்சாளர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவரை அழைப்பது வேறு வேலைக்கு. ஓட்டுக் கேட்டு வந்த அதே தெருவில் நின்று, என்ன செய்தேன், எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். தெரு சொல்வதையும் அவர் கேட்டுப் போக வேண்டும். இனி நான் சொல்லும் அத்தனையும் இந்த ஒன்றுக்காகத்தான்.

2. யாரை எதற்கு அழைக்கிறோம் என்று தெரிந்து அழையுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் கத்துவதும், ரயில்வே மேம்பாலம் ஏன் நிற்கிறது என்று ஒன்றியக் கவுன்சிலரை மடக்குவதும் இருவர் நேரத்தையும் வீணாக்கும். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால் நிலையம், ஊரக வேலைத் திட்டக் கூலி பாக்கி போன்றவற்றை எம்.பி.யிடம் கேளுங்கள். அரசுப் பள்ளிக் கட்டடம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர், பேருந்துத் தடம், பட்டா, மாநில நெடுஞ்சாலை எல்லாம் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் பேச வேண்டியவை. எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், எம்.எல்.ஏ.யுடையது 3 கோடி. ஒரு தொகுதியில் எத்தனை ஊர் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பணம் எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும். புரிந்தவன் கேட்கிற கேள்விக்கு மரியாதை உண்டு.

ஊராட்சித் தலைவரை மேடையேற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். மாவட்டக் கவுன்சிலரும் ஒன்றியக் கவுன்சிலரும் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்கள். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் நம் மாநிலத்தில் கட்சிச் சின்னமில்லாமல் வென்று வருகிறவர்கள். மாற்றுக் கட்சிக் குடும்பங்களின் ஓட்டும் அவருக்கு விழுந்திருக்கும். நம் மேடையில் அவர் கழுத்தில் கட்சித் துண்டைப் போட்டுவிட்டால், மறுநாள் அந்தக் குடும்பம் குடிநீர் இணைப்பு கேட்டுப் போகத் தயங்கும். அவருக்கும் சங்கடம், ஊருக்கும் நட்டம். அரசு ஊழியரை அழைக்கவே அழைக்காதீர்கள். பி.டி.ஓ.வானாலும் தலைமையாசிரியரானாலும் கட்சி மேடையில் நிற்பது அவருடைய நடத்தை விதிக்கு மாறானது. பாசத்தில் கூப்பிட்டு அவர் வேலைக்கு வினை வைக்காதீர்கள்.

3. அனுமதியும் இடமும். காவல் ஆய்வாளருக்கு எழுதும் மனுவில் இடம், தேதி, நேரம், வருவோர் எண்ணிக்கை, பேச்சாளர்கள், மைக் செட்காரர், பொறுப்பாளரின் கைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். எண்ணிக்கையைக் குறைத்து எழுதாதீர்கள். அதை வைத்துத்தான் பாதுகாப்புக்கு ஆள் போடுவார்கள். இடம் ஊராட்சிக்குச் சொந்தமா, நெடுஞ்சாலைத் துறைக்கா என்று பார்த்து அங்கேயும் ஒரு கடிதம் கொடுங்கள். அன்றைய தேதியில் என்ன நிபந்தனை என்று நிலையத்திலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்துக்கு 100 மீட்டருக்குள் மைக் கட்டாதீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும். மந்திரியே பேசிக்கொண்டிருந்தாலும் 10 மணி 10 மணிதான்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் கட்சிப் பிரசாரக் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. யார் குற்றம் என்பதை விசாரணை சொல்லட்டும். கூட்டம் போடுகிற நமக்கு அந்தச் சாவுகள் தூக்கம் கெடுக்க வேண்டியவை. நம் கூட்டம் சின்னதுதானே என்று எண்ணாதீர்கள். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் பூட்டிய கடைகள், நடுவில் மேடை என்று அடைத்துவிட்டால் சின்னக் கூட்டத்துக்கும் வழி இராது. மேடைக்கு எதிரே ஆம்புலன்ஸ் நுழையும் அகலத்துக்கு ஒரு பாதை விடுங்கள். அதில் நாற்காலி போடுகிறவர் மாவட்டப் பொறுப்பாளராகவே இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கேன்களை ஒரே இடத்தில் குவிக்காமல் நாலு இடத்தில் வையுங்கள். ஜெனரேட்டர் ஒயர் ஆள் நடக்கும் வழியில் கிடக்கக் கூடாது.

4. பேனர் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் கீழே விழுந்து லாரியில் அடிபட்டு இறந்தார். அந்தச் சேதியைப் படித்த பிறகும் சாலை நடுவே கம்பு நடுகிறவன் கட்சிக்குத் தொண்டு செய்யவில்லை. நோட்டீஸ் அடியுங்கள், ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றுங்கள், வீடுவீடாகப் போய்ச் சொல்லுங்கள். வாசலில் நின்று, ‘அக்கா, வியாழக்கிழமை நம்ம எம்.எல்.ஏ. வர்றாரு, ரோடு விஷயமா கேக்கணும், வாங்க’ என்று சொன்னால் வருவார்கள்.

5. நோட்டீஸில் பெயர். கூட்டத்துக்கு முன்பே பாதிச் சண்டை இங்கேதான் நடக்கும். தலைமை யார், முன்னிலை யார், யார் பெயர் யாருக்கு மேலே, யார் படம் பெரிது என்று முறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பேசாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அச்சகத்துக்குப் போகும்முன் எல்லாரையும் உட்காரவைத்துப் பட்டியலை வாசித்துவிடுங்கள். கொடி கட்டிய, நாற்காலி தூக்கிய கிளைத் தோழர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் பெயர் ஊரெல்லாம் இருக்கிறது. இவர்களுக்கு இது ஒன்றுதான்.

6. விருந்தினருக்கு ஒரு தாள் குறிப்பு. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பெரும்பாலான கிளைகள் செய்வதில்லை. எம்.எல்.ஏ. அன்று காலையில் ஒரு திறப்பு விழா, மதியம் ஒரு துக்க வீடு, மாலையில் ஒரு காதுகுத்து முடித்து நம் மேடைக்கு வருவார். காரில் வரும்போது எதையும் தெரியாமல் வந்தால், எல்லா ஊரிலும் பேசியதையே இங்கேயும் பேசிவிட்டுப் போவார். குற்றம் அவருடையது மட்டுமல்ல.

ஆகவே ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து எழுதுங்கள். ஊரின் மூன்று பெரிய குறைகள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் யாரிடம் மனு கொடுத்தோம், என்ன பதில் வந்தது, கோப்பு எந்த அலுவலகத்தில் நிற்கிறது. சாலை என்றால் அது ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா. இது தெரியாமல் கேட்டால் ‘அது நம்ம கையில இல்லீங்களே’ என்ற பதிலோடு முடிந்துவிடும். சென்ற தேர்தலில் அவர் இந்த ஊரில் என்ன வாக்குறுதி தந்தார் என்பதையும் மரியாதையான சொற்களில் எழுதுங்கள். கிராமசபையில் அதைப்பற்றித் தீர்மானம் போட்டிருந்தால் தேதியோடு குறியுங்கள். அண்மையில் இறந்த மூத்த தோழர், தேர்வில் முதலிடம் வாங்கிய பிள்ளை என்று மேடையில் சொல்ல வேண்டிய பெயர்களையும் சேருங்கள். தாளை உதவியாளர் கையில் கொடுத்ததோடு விடாதீர்கள். முதல் நாள் அழைத்து, அண்ணன் படித்தாரா என்று கேளுங்கள். படித்துவிட்டு வந்தவர் பேசுவதை ஊர் உடனே கண்டுகொள்ளும். கூட்டத்தின் ஓரத்தில் டீக்கடையில் நின்றவர் கிளாஸை வைத்துவிட்டு முன்னால் வருவார்.

7. நேரம். 6 மணி என்று அச்சடித்தால் 6 மணிக்கு உள்ளூர்ப் பேச்சாளரை மைக் முன் நிறுத்துங்கள். முதலில் பேசும் வாய்ப்பை இளையவருக்குக் கொடுங்கள். அதிலும் ஒரு பெண் கட்டாயம் பேசட்டும். தலைக்கு ஐந்து நிமிடம் போதும். எம்.எல்.ஏ. தாமதமாகிறார் என்றால் எங்கே இருக்கிறார் என்று உதவியாளரிடம் விசாரித்து, உள்ளதை உள்ளபடி மைக்கில் அறிவியுங்கள். ‘வந்துகொண்டே இருக்கிறார்’ என்று இரண்டு மணி நேரம் சொல்லி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெண்களை இருட்டில் நடக்கவிடுவது பாவம். காசு கொடுத்து வேனில் ஆள் ஏற்றிவராதீர்கள். கூலிக்கு வந்தவர் கூலி முடிந்ததும் எழுந்து போவார். அவர் எழுவதைப் பார்த்துத் தானாக வந்தவரும் எழுவார். பள்ளிப் பிள்ளைகளைக் கொடி பிடிக்க அழைத்து வரவே வேண்டாம்.

8. ‘அவர்களே’ பட்டியல். மேடையில் இருக்கும் நாற்பது பேரையும் பொறுப்போடு விளித்து ‘அவர்களே’ என்று முடிக்க, ஆளுக்குப் பதினைந்து நொடி என்றாலும் பத்து நிமிடம் போய்விடும். ஒவ்வொரு பேச்சாளரும் இதையே செய்தால் ஊர்ப் பிரச்சினைக்கு நேரம் ஏது? வரவேற்புரையில் ஒருமுறை எல்லாப் பெயரையும் முழு மரியாதையோடு சொல்லி, அதன்பின் வருகிறவர்களுக்கு ‘மேடையில் வீற்றிருக்கும் அனைவருக்கும்’ போதும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சால்வைக்கும் இப்படித்தான். கிளை சார்பில் ஒன்று போதும்.

9. மேடை நாக்கு. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் ஒரு கட்சி தொடங்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளில் அது கோட்டையைப் பிடித்ததற்கு மேடைப் பேச்சு பெரிய காரணம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் உலக அரசியலைக் காதால் படித்த மேடை அது. அந்த மேடையில் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசுவதும், சாதியைச் சுட்டுவதும், உருவத்தைக் கேலி செய்வதும் எனக்கு நெஞ்சு வலிக்கிற காரியம். கைதட்டு கிடைக்கும் என்று உள்ளூர்ப் பேச்சாளர் அந்தப் பக்கம் சாய்ந்தால் துண்டுச் சீட்டு அனுப்புங்கள். கேட்காவிட்டால் தலைமை தாங்குகிறவர் எழுந்து நிறுத்தட்டும். எம்.எல்.ஏ. அதே மேடையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவரும் அதற்கு உடன்பட்டதாகவே ஊர் நினைக்கும்.

10. கேள்விக்கு இடம். சிறப்புரை முடிந்து நன்றியுரைக்கு முன் இருபது நிமிடம் ஒதுக்கச் சொல்லி, அழைக்கும்போதே எம்.எல்.ஏ.யிடம் ஒப்புதல் வாங்குங்கள். தயங்குவார். நம் ஊர் வழக்கத்தில் பொதுக்கூட்டம் என்றால் மேடை பேசும், தரை கேட்கும். ஆனால் 1967இல் விருதுநகரில் காமராசரையே ஒரு மாணவர் தலைவர் 1,285 வாக்கில் வென்ற மாநிலம் இது. மக்கள் மனதில் இருப்பதை ஓட்டுப் பெட்டியில்தான் தெரிந்துகொள்வேன் என்று காத்திருப்பது பேச வருகிறவருக்கும் நல்லதல்ல. இதை அவரிடம் பணிவோடு சொல்லலாம். நல்லவர் ஏற்றுக்கொள்வார்.

கேள்விகளை முன்னரே சீட்டில் வாங்கி, பாராட்டுகளை மட்டும் பொறுக்கி வாசிக்காதீர்கள். மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் எழுந்து கேட்டால் பேசவிடுங்கள். அவரும் அந்தத் தொகுதிக்காரர்தான், அவருக்கும் இவர்தான் எம்.எல்.ஏ. நம் பிள்ளைகள் சட்டையைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மனு கொடுப்பவர்களை மேடைப் படியில் முண்டவிடாமல் கீழே ஒரு மேசை போடுங்கள். இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து, மனுவுக்கு எண் போட்டு, பெயர், கைபேசி, விஷயம் மூன்றையும் நோட்டில் எழுதி, கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவருக்கு அவர்களே எழுதிக் கொடுக்கட்டும். எம்.எல்.ஏ. போகும்போது மனுக் கட்டை உதவியாளரிடம் எண்ணிக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

11. தேர்தல் அறிவித்துவிட்டால் எல்லாம் மாறும். அமைச்சர் அரசுப் பயணத்தோடு பிரசாரத்தைச் சேர்க்கக் கூடாது. புதுத் திட்டம் எதையும் மேடையில் அறிவிக்கக் கூடாது. மேடை, மைக், நாற்காலி வரை வேட்பாளர் கணக்கில் ஏறும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் கூட்டமே கூடாது. அந்தக் காலத்துக் கூட்டத்தை வேட்பாளரின் முகவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

12. மறுநாள். காலையில் கடை திறக்கும்முன் கொடி, தோரணம், கம்பு எல்லாவற்றையும் அவிழ்த்து, நட்ட குழிகளை மூடுங்கள். வரவு செலவை எழுதி, நன்கொடை தந்த கடைக்காரர்களுக்குக் காட்டுங்கள். பிறகு மனு நோட்டை எடுங்கள். ஒரு மாதம் கழித்து எம்.எல்.ஏ. அலுவலகம் போய் எண் வாரியாகக் கேளுங்கள். அவர் பரிந்துரைத்து அனுப்பியவற்றின் நகல் வாங்குங்கள். நகர்ந்திராதவற்றுக்கு, மனு கொடுத்தவரையே அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். கிடைக்காது என்ற பதிலைச் சொல்லவும் போக வேண்டும். அதற்குப் போகிறவரைத்தான் ஊர் கட்சிக்காரர் என்று மதிக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் நிற்கிற மனுக்களைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு எம்.எல்.ஏ.யிடம் தேதி கேட்கப் போகும்போது அந்தத் தாளை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தேதியைக் கேளுங்கள்.