விண்டோஸ் 10 முடிந்தது, கணினி முடியவில்லை

"விண்டோஸ் பத்து நிண்டுபோச்சு. உந்தப் பழைய கொம்பியூட்டர் இனி வேலை செய்யாது, புதுசு வாங்குங்கோ." வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்தக் கதை ஓய்வதாக இல்லை. இதை நம்பி நல்ல கணினியை மூலையில் போடுகிறவர்களும் குறையவில்லை.

இது பொய். 2025 ஒக்டோபர் 14இல் மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்களையும் தொழில்நுட்ப உதவியையும் மட்டுமே. அன்று எந்தக் கணினியும் அணைந்துபோகவில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. அப்படியான கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்தியல்ல. வீட்டுப் பாவனையாளர்கள் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்பதையோ எவரும் சொல்வதில்லை.

விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும். அலுவலகங்கள் கழித்துவிட்ட நாலாம், ஆறாம் தலைமுறை ஐ5 கணினிகள் இங்கேதான் தடுக்கப்படுகின்றன. கடிதம் அடிக்கவும் பாடம் பார்க்கவும் அந்த புரொசெசர் தாராளமாகப் போதும். இழுத்தடிப்பது பெரும்பாலும் சுழலும் ஹாட் டிஸ்க். அது செக்கனுக்கு 150 மெகாபைட் அளவில் வாசித்தால், சாதாரண எஸ்.எஸ்.டி. 500ஐத் தொடும். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி.யை மாற்றி, இலவசமான லினக்ஸ் மின்ட் 22ஐப் போட்டால் 2029 ஏப்ரல் வரை அப்டேட் வரும். ஃபொட்டோஷொப்பை நம்பித் தொழில் செய்யும் ஸ்டூடியோக்காரருக்கு இது பொருந்தாது. மற்றவர்களுக்கு என்ன தடை?

"லினக்ஸில் தமிழ் வராது" என்பார்கள். யுனிகோட் தமிழ் அருமையாக வரும். சிக்கல் பாமினி எழுத்துருவில். பாமினி ஆவணத்துக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் போர்த்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை. யுனிகோட் வந்து இத்தனை வருடமாகியும் சங்கக் கூட்ட அறிக்கையையும் பள்ளி வினாத்தாளையும் பாமினியில் அடிப்பது பொறுப்பற்ற வேலை. பழையவற்றை இப்போதே யுனிகோட்டுக்கு மாற்றுங்கள்.

மற்றத் தவறான நம்பிக்கைகள் சில்லறை. ரிஃப்ரெஷ் அழுத்தினால் வேகம் கூடாது. திரைதான் மீள வரையப்படும். மணிக்கூடு பழைய திகதிக்கு ஓடினால் உடனே மதர்போட்டைக் குறை சொல்லாதீர்கள், சி.ஆர். 2032 என்ற 3 வோல்ற் பொத்தான் பற்றரியை மாற்றிப் பாருங்கள். திகதி பிழைத்தால் இணையத்தளங்களும் திறக்க மறுக்கும். யு.பி.எஸ். மின்னலைத் தாங்காது, ஒக்டோபர், நவம்பர் இடிமுழக்கத்தில் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றுவதே காப்பு.

புதுக் கணினிக்கு முற்பணம் கட்டுமுன் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, ஹாட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், தமிழ் மூன்றும் வேலை செய்தால், படங்களையும் ஆவணங்களையும் பிரதி எடுத்துவிட்டு அதையே நிறுவுங்கள். முற்பணம் வீட்டில் இருக்கட்டும்.