நம் நூலகத்தின் குரலுக்கு ஓர் இருப்பிடம்

1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் வத்திக்கான் வானொலி வழியாக முதன்முதலாக உலகத்தோடு பேசினார். அந்த நிலையத்தை அமைத்துத் தந்தவர் மார்க்கோனி. ஒரு குரல் கடல் கடந்து போக வேண்டுமானால் அன்று ஒரு மேதையும் உயர்ந்த கம்பங்களும் தேவைப்பட்டன. இன்றோ நூலகத்து மூலையில் ஒரு கைப்பேசியும், மின்விசிறியை நிறுத்த ஒரு தோழியும் இருந்தால் போதும். பேசுவது எளிதாகிவிட்டது. பேசியதை எங்கே வைப்பது என்பதுதான் இப்போதுள்ள கேள்வி.

வலையொலி என்றும் பாட்காஸ்ட் என்றும் சொல்லப்படுவது யாது? வானொலியில் ஒரு நிகழ்ச்சியைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். வலையொலியை வேண்டியபோது கேட்கலாம். அம்மா அழைத்தால் நிறுத்திவிட்டு வந்து தொடரலாம். பாட்காஸ்ட் என்னும் சொல் 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் வந்தது. நம்மைவிட அந்தச் சொல்லுக்குச் சில ஆண்டுகளே வயது அதிகம்!

நம்மில் பலர், கேட்கும் செயலிக்குள்ளேயே ஒலி இருப்பதாக எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படி அன்று. நூலகத்தை நினைத்துப் பாருங்கள். நூல் அலமாரியில் இருக்கிறது. அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை நூற்பட்டி அட்டை சொல்கிறது. அதைப்போல ஒலிக்கோப்பு ஒரு தளத்தில் இருக்கிறது. ஹோஸ்டிங் என்கிறார்களே, அது இந்த அலமாரிதான். அட்டையின் வேலையைச் செய்வதற்குப் பெயர் ஃபீட். தமிழில் ஓடை என்கிறார்கள். புதிய நிகழ்ச்சி வந்தால் ஓடையில் ஒரு வரி கூடும். செயலிகள் அந்த வரியைப் படித்துவிட்டு ஒலியை எடுத்துவந்து தருகின்றன. ஓடையோடு ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்பும் வழியைச் செய்து காட்டியவர் அமெரிக்கரான டேவ் வைனர்.

இது தெரிந்தால்தான் தளத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். 2024-இல் கூகுள் நிறுவனம் தன் பாட்காஸ்ட்ஸ் செயலியை மூடிவிட்டது. அதில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு செயலி தேட வேண்டியதாயிற்று. ஆனால் நிகழ்ச்சிகள் அழியவில்லை. அவற்றின் ஒலியும் ஓடையும் வேறு தளங்களில் பத்திரமாக இருந்தன. ஒரு வாசல் அடைத்தது, வீடு இடியவில்லை. வீடே கைமாறுவதும் உண்டு. ஆங்கர் என்ற இலவசத் தளத்தை 2019-இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. 2023-இல் அதன் பெயர் மாறியது, 2024-இல் மறுபடியும் மாறியது. ஆகவே ஒரு தளத்திடம் நாம் முதலில் கேட்க வேண்டியது விலை அன்று. "நாங்கள் வெளியேற விரும்பினால், பழைய ஓடையின் முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்கு அனுப்பி வைப்பீர்களா? எங்கள் ஒலிக்கோப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போக விடுவீர்களா?" என்பதே அது. வீடு மாறியவரின் கடிதத்தைத் தபால்காரர் புதிய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற உதவி இது. இதற்கு நேரான பதில் தராத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இலவசம் என்றவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. சில இலவசத் திட்டங்களில் நிகழ்ச்சி 90 நாள் மட்டுமே இருக்கும், பிறகு நீக்கப்படும். கல்யாணப் பந்தலுக்கு அது பொருந்தும், நூலகத்துக்குப் பொருந்தாது. வேறு சிலவற்றில் நம் கதைக்கு நடுவே விளம்பரம் நுழையும். அது என்ன விளம்பரம் என்பதை நாம் தீர்மானிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பெரிய திட்டம் வாங்கவும் தேவையில்லை. பேச்சுக்கு வினாடிக்கு 64 கிலோபிட் போதும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 8 கிலோபைட். 10 நிமிடத்துக்கு 600 வினாடி. பெருக்கினால் 4,800 கிலோபைட், அதாவது 5 மெகாபைட்டுக்கும் குறைவு. ஆண்டுக்கு 40 நிகழ்ச்சி செய்தாலும் 200 மெகாபைட்டைத் தாண்டாது. கணக்குப் பாடம் இங்கே பணத்தை மிச்சப்படுத்துகிறது!

1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ், லாப நோக்கமற்ற மின்னூலகம். அங்கே கட்டணமின்றி ஒலியைச் சேர்த்து வைக்கலாம். ஆனால் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவும் சில நாள் மூடிக் கிடந்தது. அன்றியும் அங்கே வைப்பது உலகத்துக்கே பொதுவாகிவிடும். எந்தத் தளமானாலும் ஒரு பிரதி நம் நூலக அலமாரியில், ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தே தீர வேண்டும்.

உலகத்துக்குப் பொதுவாவது நல்லதா? பெற்றோர் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சம் நியாயமானது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களைப் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. "பட்டியலில் காட்டாதே" என்று ஒரு வசதி பல தளங்களில் உண்டு. அதைப் பூட்டு என்று நம்பிவிடாதீர்கள், தோழியரே! இணைப்பு கிடைத்தவர் எவரும் கேட்கலாம். வாட்ஸாப்பில் ஒருவர் அனுப்பினால் நூறு பேரிடம் போகும். கடவுச்சொல் கேட்கும் தனி ஓடை இதைவிட மேல். அதுவும்கூட, ஒருவர் தம் கைப்பேசியில் இறக்கி வைத்துவிட்டதைத் திரும்பப் பெற்றுத் தராது. எனவே முழுப் பெயர், வகுப்புப் பிரிவு, "தினமும் இந்த பஸ்ஸில்தான் வருவேன்" என்ற பேச்சு ஆகியவை ஒலிப்பதிவுக்குள்ளேயே வரக் கூடாது. பாட்டியின் கதையைப் பதிவுசெய்தால் பாட்டியிடமும் அனுமதி கேட்க வேண்டும். பெரியவர்கள் நம்மிடம் வீட்டில் சொல்வதெல்லாம் ஊருக்குச் சொல்வதாகாது.

கணக்கு யார் பெயரில் இருப்பது? மாணவி பெயரில் வேண்டாம். நாங்கள் இன்னும் இரண்டு ஆண்டில் போய்விடுவோம். ஆசிரியை பெயரிலும் வேண்டாம். சகோதரிகளுக்கு மாற்றல் கடிதம் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது! நூலகத்தின் மின்னஞ்சல் முகவரியில் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டி, தலைமையாசிரியை அறைப் பீரோவில் வைப்பதே முறை.

வத்திக்கான் வானொலி பிறந்த அதே 1931-இல், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் தம் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது அவற்றுள் முதலாவது. காது கேளாத தோழிக்கு ஒலி எப்படிப் பயன்படும்? நிகழ்ச்சியோடு அதன் எழுத்து வடிவத்தையும் சேர்க்கத் தளம் இடம்தர வேண்டும். கணினி தானாக எழுதித் தரும் தமிழில் ணகரமும் னகரமும் இடம் மாறும். ஒருத்தி உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். பின்னணிக்குத் திரைப்படப் பாடல் சேர்ப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரும். கோவிலில் பாடும் பாடலுக்கும் இசையமைத்தவர் இருப்பார் அல்லவா?

பணம் கட்டுவதற்கு முன், 5 நிமிடப் பதிவு ஒன்றை ஏற்றிப் பாருங்கள். அதன் தலைப்பை மாற்றுங்கள், திரும்ப இறக்குங்கள், முழுவதும் நீக்குங்கள். நீக்கிய பின் பழைய இணைப்பைத் தட்டினால் இன்னும் ஒலிக்கிறதா என்று மறுநாளும் பாருங்கள். கட்டணம் டாலரிலா ரூபாயிலா, ரசீது தருவார்களா என்று அலுவலகத்தில் கேட்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையைப் பள்ளியின் கணினியில் மட்டும் செய்யாமல், வீட்டில் உள்ளதிலேயே பழைய கைப்பேசியில், சிக்னல் குறைவாக இருக்கும் சமையலறையில் வைத்துச் செய்யுங்கள். நம் அம்மாக்கள் அங்கேதான் கேட்கப் போகிறார்கள்.